ஆழ்பனி நாளில் பெண்களுக்கான அகல ஸ்கீ எடுக்கலாமா?

தடப்பள்ளி வாய்க்கால் | ஜனவரி 11, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். ஊர் கோபிச்செட்டிபாளையம். திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. வயது 33, உயரம் 158 செ.மீ., எடை 61 கிலோ. பனிச்சறுக்குப் பலகையின் (ஸ்கீ) அளவைப் பற்றிக் கேட்டால் எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான் என்பதால் முன்பே சொல்லிவிடுகிறேன்.

போன வருடம் பிப்ரவரியில் காஷ்மீரின் குல்மார்க்கில் பத்து நாள் பனிச்சறுக்கு அடிப்படைப் பயிற்சி முடித்தேன். இயந்திரம் ஓட்டிச் சீர்செய்த சரிவில் இடமும் வலமுமாகத் திரும்பி இறங்க வருகிறது. வேகம் மிஞ்சினால் நிறுத்தவும் வருகிறது. எட்டாம் நாள் இரவு முழுக்கப் பனி கொட்டியது. காலையில் கதவைத் திறந்தால் முழங்காலுக்கு மேல் வெள்ளை. கோபியில் பிறந்தவளுக்குப் பனி என்றால் மார்கழி விடியலில் நெற்பயிரின் நுனியில் நிற்கிற ஈரம்தான். அதே சொல்லுக்குள் இதுவும் அடங்கும் என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் கண்டேன். வாசலிலேயே வெகுநேரம் நின்றேன்.

அந்த மகிழ்ச்சி பத்து மணிவரைதான். பயிற்சிக்குக் கொடுத்த ஒல்லிப் பலகைகளோடு சரிவின் ஓரத்தில் புதுப்பனிக்குள் இறங்கினேன். இரண்டாவது திருப்பத்தில் முனைகள் இரண்டும் கீழே போய்ச் செருகிக்கொண்டன. நான் தலைகுப்புற விழுந்தேன். எழுந்து பார்த்தால் இடது காலில் பலகை இல்லை. முக்கால் மணி நேரம் பயிற்சியாளரும் நானும் பனியைத் துழாவிக் கண்டுபிடித்தோம். அதற்குப் பிறகும் நான்கு முறை விழுந்தேன். தொடை நெருப்பாக எரிந்தது. எனக்கு வலு போதாது என்று முடிவு செய்துகொண்டு அறைக்குத் திரும்பினேன். அன்று அழுததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

பிப்ரவரி முதல் வாரம் தோழிகள் இருவரோடு மறுபடி போகிறேன், எட்டு நாள். தொலைபேசியில் விசாரித்த ஒரு வாடகைக் கடையில், “அகலப் பலகை தேர்ந்தவர்களுக்குத்தான், உங்களுக்கு வேண்டாம்” என்று முடித்துவிட்டார்கள். இன்னொரு கடையில் பெண்களுக்கான அகலப் பலகை, இடுப்பகலம் (பலகையின் நடுப்பகுதி அகலம்) 106 மி.மீ., 164 செ.மீ. நீளத்திலும் 172 செ.மீ. நீளத்திலும் இருக்கிறது என்கிறார்கள். எதை எடுப்பது? அகலம் உண்மையிலேயே உதவுமா? பெண்கள் ஸ்கீ என்பது வேறு பொருளா, பூ வரைந்த அதே பொருளா? இப்போதே அகலத்துக்குப் பழகினால் கற்றுக்கொண்ட அடிப்படை கெட்டுவிடுமா? எங்கள் பக்கம் இதைக் கேட்க ஆள் இல்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


தென்னந்தோப்பு | ஜனவரி 12, காலை 6:15

அம்மிணி, உங்கள் தொடையில் குறை எதுவும் இல்லை. முதலில் அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். முழங்கால் ஆழப் பனியில் ஒல்லிப் பலகையைக் கொடுத்து இறக்கினால் பத்து வருடம் பழகியவர்களுக்கும் தொடை எரியும். பழக்கம் உள்ளவர்கள் வேகத்தை வைத்துச் சமாளிப்பார்கள். புதிதாகக் கற்றவரிடம் அந்த வேகம் இருக்காது, அதனால் அவர்தான் அதிகம் புதைவார். “தேர்ந்தவர்களுக்கு மட்டும்” என்று சொன்ன கடைக்காரர் விஷயத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார். ஆழ்பனியில் அகலப் பலகை அதிகம் தேவைப்படுவது உங்களைப் போன்றவர்களுக்குத்தான்.

எனக்கு ஆனைமலைப் பக்கம். தேங்காய் நார்த்தூளைக் காயவைத்துக் கட்டியாக அழுத்தி வெளிநாட்டுக்கு அனுப்புகிற சிறு தொழில். வயது 47. ஆஸ்திரியாவில் நாற்றுப்பண்ணை வைத்திருக்கிற ஒரு வாடிக்கையாளர் குடும்பம்தான் என்னை முதன்முதலில் பலகை மேல் ஏற்றியது. அதிலிருந்து பெரும்பாலான வருடங்களில் ஜனவரியில் தேங்காய் வரத்து குறைகிற நாட்களைப் பார்த்து குல்மார்க் போய்விடுகிறேன். அந்தப் புல்வெளியே கிட்டத்தட்ட நம் தொட்டபெட்டா சிகரத்தின் உயரத்தில், சுமார் 2,650 மீட்டரில் இருக்கிறது. அதற்கு மேல்தான் மலையே தொடங்குகிறது.

எங்கள் களத்தில் காய்ந்த நார்த்தூள் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடக்கும். அதன் மேல் கால் வைத்தால் முழங்கால்வரை போகும். போன காலை வெளியே எடுப்பதற்குள் மூச்சு வாங்கும். குவியலின் மேல் ஏற வேண்டியிருந்தால் ஆட்கள் ஒரு பலகையைக் குறுக்கே போட்டு அதன் மேல் நடப்பார்கள். நல்ல குளிரில் குல்மார்க்கில் விழுகிற பனியும் அப்படித்தான். உருண்டை பிடிக்க வராது, ஊதினால் பறக்கும். அதன் மேல் நிற்க வேண்டுமென்றால் எடையைப் பரப்பியே ஆக வேண்டும். வேறு வழி இல்லை.

உங்கள் கணக்கையே போட்டுப் பார்த்தேன். உடையும் பூட்ஸும் சேர்த்து 70 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சிப் பலகை 150 செ.மீ. நீளம், சராசரியாக 9 செ.மீ. அகலம் இருந்தால் இரண்டும் சேர்ந்து 2,700 சதுர செ.மீ. நீங்கள் சொல்கிற அகலப் பலகை 164 நீளம், சராசரியாக 12 அகலம் என்றால் 3,936 சதுர செ.மீ. ஒரு சதுர செ.மீ. மீது 26 கிராம் இருந்த அழுத்தம் 18 கிராமுக்கு இறங்கிவிடுகிறது. அதே கால், அதே எடை, அதே பனி.

அகலம் பாதிதான். மீதி முனையில் இருக்கிறது. எங்கள் வயலில் சேற்றைச் சமன்செய்யப் பரம்படிக்கும்போது எடைக்காக அப்பா என்னைப் பரம்பின் மேல் ஏற்றிவிடுவார். மாடு இழுக்கும், பரம்பு சேற்றின் மேல் வழுக்கிக்கொண்டு போகும். நான் முன்பக்கம் சாய்ந்துவிட்டால் பரம்பின் முன்விளிம்பு சேற்றில் குத்திக்கொள்ளும். நான் சேற்றில் கிடப்பேன். நீங்கள் அன்றைக்கு விழுந்த விழுகை இதேதான். ஆழ்பனிக்கான பலகைகளில் இதற்காகவே முனையை நன்கு முன்கூட்டியே மேல்நோக்கி வளைத்திருப்பார்கள். பெயர் ராக்கர். தரையில் வைத்துப் பக்கவாட்டில் பாருங்கள். முனையிலிருந்து கணிசமான நீளம் தரையைத் தொடாமல் தூக்கி நிற்க வேண்டும். பயிற்சிப் பலகையில் நுனி மட்டுமே தூக்கியிருக்கும், நடுவோ வில் போல எழும்பியிருக்கும். கெட்டிப் பனியில் விளிம்பு பிடிக்க அந்த வில் நல்லது. தூள்பனியில் அது முனையைக் கீழே தள்ளும்.

நான் முதலில் அகலப் பலகை எடுத்த நாளைச் சொல்கிறேன். மூன்று இரவு தொடர்ந்து கொட்டி நான்காம் காலை வெளுத்தது. இரண்டு கட்டமாக மேலே போகிற கேபிள் காரில் முதல் கட்டம் மட்டும் திறந்திருந்தது. முந்தைய நாள் உங்களைப் போலவே ஒல்லிப் பலகையோடு புதைந்து திரும்பியிருந்தேன். அன்று கடையில் பெண்களுக்கான 108 மி.மீ. பலகையை எடுத்து மாட்டியதும் வருத்தமாக இருந்தது. ஒன்றோடொன்று இடித்தது. கேபிள் கார் வரிசைக்கு நடக்கும்போது யாரோ இரண்டு கதவுகளைக் காலில் கட்டிவிட்டது போல் இருந்தது. அந்தக் கட்டம் முடிகிற காங்டோரியில் இறங்கி, பலரும் போய் மிதிபட்டிருந்த தடத்தில் திரும்பப் பார்த்தேன். ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குச் சாய்க்கவே நேரம் எடுத்தது, முழங்கால் உறுத்தியது. வாடகைப் பணம் போயிற்று என்றே நினைத்தேன்.

பிறகு தடத்தை விட்டு இடப்பக்கம் இறங்கினேன். சத்தம் நின்றுவிட்டது. அதுவரை காதில் கேட்டுக்கொண்டிருந்த பனி அரைபடுகிற கரகரப்பு முழுவதும் போய், என் மூச்சு மட்டும் கேட்டது. பனி முழங்கால்வரை ஏறியது, ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தவில்லை. முனைகள் பனிக்குள் மறைந்தன. நெஞ்சு திக்கென்றது. அடுத்த கணம் இரண்டும் ஒன்றாக மேலே வந்தன. மறைந்தன, வந்தன. ஏழு திருப்பம் எண்ணினேன். எட்டாவதில் நின்று திரும்பிப் பார்த்தேன். என் பின்னால் ஒரு தடம், வளைந்து வளைந்து, நான் போட்டது. அம்மிணி, வாழ்க்கையில் நான் வரைந்த நல்ல கோடு அதுதான்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். 164 எடுங்கள். உங்கள் உயரத்துக்கு 172 அதிகம். வளைந்த முனை தரையில் படாததால் 164 கெட்டித்தடத்தில் இன்னும் குட்டையாகவே நடந்துகொள்ளும், திருப்ப எளிது. மரங்களுக்கு இடையே நீளம் உங்களுக்கு எதிரி.

பெண்கள் ஸ்கீ என்றால் என்ன என்று கேட்டீர்கள். ஒரு காலத்தில் ஆண்கள் பலகையைக் குட்டையாக்கிப் பூ வரைந்து விற்றார்கள் என்பது உண்மை. இன்றும் ஒரே அச்சில் வார்த்து இரண்டு பெயரில் விற்பவர்கள் உண்டு. ஆனால் அக்கறையாகச் செய்கிறவர்கள் உள்ளே வைக்கிற மரத்தை எடை குறைவானதாக மாற்றுகிறார்கள், வளைவை இளக்குகிறார்கள், பூட்ஸ் நிற்கிற இடத்தைச் சற்று முன்னால் தள்ளுகிறார்கள். பெண்களுக்கு உடலின் எடை மையம் இடுப்புப் பக்கம் கீழே இருப்பதுதான் அதற்குக் காரணமாகச் சொல்லப்படுவது. நிறத்தைப் பார்க்காதீர்கள். வாலைத் தரையில் ஊன்றி, முனையை ஒரு கையால் பிடித்து, நடுவை மறுகையால் அழுத்திப் பாருங்கள். உங்கள் கைக்கு வளையாதது உங்கள் காலுக்கும் வளையாது. பெயரில் வரும் எண்ணும் எப்போதும் அகலம் அல்ல. நார்டிகாவின் சாண்டா ஆனா 104 என்றால் 104 மி.மீ.தான், ஆனால் ப்ளிசார்டின் ஷீவா 10 என்பது 102. பலகையின் மேல் முனை, இடுப்பு, வால் என்று மூன்று எண் அச்சிட்டிருக்கும். நடு எண்தான் நமக்கு வேண்டியது.

பூட்ஸ் சரியில்லையென்றால் இவ்வளவும் வீண். பெண்களுக்குக் கெண்டைத்தசை ஆண்களைவிடக் கீழே இறங்கியிருக்கும். ஆண்கள் பூட்ஸின் உயரமான கழுத்து அதன் மேல் அழுத்தி இரத்த ஓட்டத்தைக் கெடுக்கும், கால் மரத்துப்போகும். பெண்களுக்கான பூட்ஸ் கேளுங்கள். மெல்லிய காலுறை ஒன்றுதான், குளிருக்குப் பயந்து இரண்டு போடாதீர்கள்.

பூட்ஸைப் பலகையோடு பூட்டுகிற பைண்டிங் பற்றி ஒரு சொந்த வேதனை. எவ்வளவு விசையில் பூட்ஸ் கழல வேண்டும் என்பதற்கு அதில் ஒரு எண் வைப்பார்கள். ஒரு கடையில் எனக்கு முன்னால் எடுத்தவரின் எடைக்கு வைத்திருந்த எண்ணை மாற்றாமலே பலகையைக் கொடுத்துவிட்டார்கள். நானும் கேட்கவில்லை. விழுந்தபோது பூட்ஸ் கழலவில்லை, முழங்கால் முறுக்கிக்கொண்டது. ஆறு வாரம் களத்துக்கே போகவில்லை. எடை, உயரம், வயது, பூட்ஸ் அடியின் நீளம், உங்கள் திறமை, இத்தனையையும் வைத்துத்தான் அந்த எண்ணை வைக்க வேண்டும். உங்கள் கண் முன்னால் வைக்கச் சொல்லுங்கள். ஆழ்பனியில் கழன்று தொலைந்துவிடுமே என்று இறுக்கச் சொல்லாதீர்கள். தொலைந்தால் தேடிக்கொள்ளலாம், முழங்காலைத் தேட முடியாது.

தேடுவதற்குத் திருப்பூரிலேயே மருந்து இருக்கிறது. பளிச்சென்ற நிறத்தில் நாடா இரண்டு மீட்டர் வாங்கி, ஒரு நுனியைப் பைண்டிங்கில் கட்டி, மீதியைக் கால்சட்டையின் அடிமடிப்புக்குள் தளர்வாகச் சுருட்டி வைத்துவிடுங்கள். காலில் கட்டவே கூடாது. விழுந்தால் பலகை போகும், நாடா பனியின் மேல் நீண்டு கிடக்கும். அப்படியும் காணவில்லையென்றால் நீங்கள் கிடக்கிற இடத்தில் தேடாதீர்கள். கழன்ற பலகை பெரும்பாலும் விழத் தொடங்கிய இடத்திலேயே நின்றிருக்கும். மேலே போய், ஊன்றுகோலால் சரிவுக்குக் குறுக்காகப் பனியைக் கீறிக்கொண்டே வாருங்கள்.

ஓட்டுவதற்கு ஒன்றே ஒன்று. சீர்செய்த சரிவில் திருப்பத்தின் வெளிப்பக்கக் காலில் எடையைப் போடக் கற்றுக்கொடுத்திருப்பார்கள். ஆழ்பனியில் அப்படிப் போட்டால் அந்தக் கால் மட்டும் புதையும். இரண்டு காலையும் நெருக்கி, இரண்டிலும் சமமாக நின்று, ஒரே பலகையாக நினைத்துக்கொள்ளுங்கள். பின்னால் சாயச் சொல்வார்கள். அது ஒல்லிப் பலகைக் காலத்து அறிவுரை. உங்கள் தொடையை எரித்தது அதுதான். நடுவில் நில்லுங்கள், முனை தானே வரும். வேகம் கொஞ்சம் வேண்டும், அதனால் முதல் சில மீட்டர் நேராக விடுங்கள். பலகை மிதக்கத் தொடங்குவதைப் பாதத்தில் உணர்ந்த பிறகு திரும்புங்கள், அதற்கு முன் வேண்டாம்.

அடிப்படை கெடாமல் இருக்க, பனி விழாத நாட்களில் பழைய ஒல்லிப் பலகையையே எடுங்கள். எட்டு நாளுக்கும் சேர்த்து அகலத்தை வாடகைக்கு எடுக்க வேண்டியதில்லை.


கொல்லிமலைக் காற்று | ஜனவரி 12, மதியம் 1:30

ஆனைமலை அம்மணி பரம்பை வைத்துச் சொன்னதற்கு மேல் நான் சொல்ல அதிகம் இல்லை. வளைவைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. நாமக்கல்லில் முப்பது வருடம் லாரி பாடி கட்டியவன். பனியைப் பார்த்தது மகளைப் பார்க்கப் போன இடத்தில், இரண்டு குளிர்காலம் மட்டும்.

லாரியின் அடியில் அடுக்கியிருக்கிற ஸ்பிரிங் பட்டைகளைப் பாருங்கள். பத்து டன் ஏற்றினால் மெத்தை மாதிரி போகும். அதே லாரியைக் காலியாக ஓட்டினால் ஒவ்வொரு குழியிலும் ஓட்டுநர் எகிறுவார். பட்டையில் பழுதில்லை. அதை வளைக்கிற சுமை மேலே இல்லை, அவ்வளவுதான். எண்பது கிலோ ஆளுக்குச் செய்த பலகையில் ஐம்பத்தைந்து, அறுபது கிலோ பெண் நிற்பதும் அதேதான். ஆழ்பனியில் பலகை நடுவில் தொய்ந்து முனையும் வாலும் மேலே வந்தால்தான் திரும்பும். தொய்யாத பலகை இரும்புக் கம்பி போல் நேராகப் போகும். எடைக்கு ஏற்ற வளைவு என்பது பெண்களுக்குக் காட்டுகிற சலுகை அல்ல, பொறியியல்.

அகலப் பலகையின் வரலாறும் கேட்கத் தகுந்தது. ஆட்டமிக் நிறுவனத்தின் பொறியாளர் ரூபர்ட் ஹூபர் 1980களின் கடைசியில் இரண்டு காலும் ஒரே பலகையில் நிற்கிற ஸ்னோபோர்டு ஒன்றை நீளவாட்டில் இரண்டாக அறுத்துப் பார்த்ததில்தான் பவுடர் பிளஸ் என்ற முதல் அகலப் பலகைக்கு வழி பிறந்தது. அப்போது வயதானவர்களுக்கும் தடுமாறுகிறவர்களுக்குமான பலகை என்று அதைத் தள்ளிவைத்தவர்கள் உண்டு. 2002இல் ஷேன் மெக்கான்கி என்ற சறுக்கு வீரரின் யோசனையில் வோலண்ட் நிறுவனம் ஸ்பாட்டுலா என்ற பலகையைச் செய்தது. நடுவில் வில் இல்லை, முழுவதும் வாழைப்பழம் போல் மேல்நோக்கிய வளைவு. பனியைத் தண்ணீராக நினைத்துப் பாருங்கள் என்பதுதான் அவருடைய வாதம். தண்ணீரில் சறுக்குகிற பலகைக்கு விளிம்பு எதற்கு, மிதந்தால் போதும் அல்லவா? இன்று கடையில் இருக்கிற எல்லா ஆழ்பனிப் பலகையிலும் அந்த இருவரின் கை இருக்கிறது.

கடையில் எடுக்கும்போது பைண்டிங்கின் பிரேக்கையும் கவனியுங்கள் அம்மிணி. பலகை கழன்றால் பனியில் ஊன்றி நிறுத்துகிற இரண்டு கம்பிகள் அவை. 106 மி.மீ. பலகையில் 90 மி.மீ. பலகைக்கான பிரேக்கை மாட்டினால் கம்பி பலகையின் மேலேயே மாட்டிக்கொள்ளும், கீழே இறங்காது. கையால் அழுத்தி விட்டுப் பாருங்கள், இரண்டு பக்கமும் தடையில்லாமல் இறங்க வேண்டும்.


வெள்ளியங்கிரி ஏழாம் மலை | ஜனவரி 12, இரவு 10:05

எல்லோரும் பலகையைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் மலையைப் பற்றிச் சொல்ல வேண்டும், அக்கா, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அகலப் பலகை உங்களை ஆழ்பனிக்குள் எளிதாகக் கொண்டுபோய்விடும். அதனாலேயே, ஒல்லிப் பலகையில் போக முடியாத இடத்துக்கும் போய்விடுவீர்கள். கேபிள் காரின் இரண்டாம் கட்டம் 3,900 மீட்டருக்கு மேல் அபர்வத் மலையின் தோளில் இறக்கிவிடுகிறது. அங்கிருந்து நாலாபக்கமும் திறந்த சரிவு. 2023 பிப்ரவரி 1 அன்று அந்த மலையில் பனிச்சரிவில் போலந்து நாட்டவர் இருவர் இறந்தார்கள். பெரும்பாலான பனிச்சரிவுகள் 30 முதல் 45 டிகிரிச் சாய்வில்தான் கிளம்புகின்றன. ஆழ்பனியில் சறுக்க இனிக்கிற சாய்வும் அதுவே.

பெரும்பனி விழுந்து அடுத்த நாள் இரண்டாம் கட்டம் மூடியிருந்தால் வருத்தப்படாதீர்கள். மேலே சரிவுகளைப் பாதுகாப்பாக்குகிற வேலை முடிந்த பிறகே திறப்பார்கள். உங்கள் நிலைக்கு முதல் கட்டத்தின் கீழே இருக்கிற மென்மையான சரிவுகள் போதும், ஆழ்பனி அங்கேயும் கிடைக்கும். எல்லைக்கு வெளியே கால் வைப்பதாக இருந்தால் வழிகாட்டியோடு மட்டும் போங்கள். மூவரிடமும் புதைந்த இடத்தைக் காட்டிக்கொடுக்கிற சமிக்ஞைக் கருவி, மண்வெட்டி, பனியில் குத்தித் தேடுகிற நீட்டுக்கம்பி இருக்க வேண்டும். ஒரு கருவியைப் பனியில் புதைத்துத் தேடிப் பழகியிருக்க வேண்டும். புதைந்தவரை முதல் பதினைந்து நிமிடத்துக்குள் எடுப்பதில்தான் உயிர் இருக்கிறது. அந்தப் பதினைந்து நிமிடத்தில் வெளியிலிருந்து யாரும் வந்து சேர மாட்டார்கள். உங்கள் தோழிகள்தான் தோண்ட வேண்டும்.

இன்னொன்று, மரத்தடி. தாழ்ந்த கிளைகள் உள்ள ஊசியிலை மரத்தைச் சுற்றிப் பனி கெட்டியாகாமல் குழி விழுந்திருக்கும். வெளியே தெரியாது. தலைகீழாக உள்ளே விழுந்தால் தானாக வெளியே வருவது கடினம். மரங்களுக்கு நடுவே போகும்போது துணை கண்ணுக்கும் காதுக்கும் எட்டுகிற தூரத்தில் இருக்கட்டும்.


தடப்பள்ளி வாய்க்கால் | பிப்ரவரி 14, இரவு 8:20

அக்கா, அண்ணா, ஐயா, திரும்பி வந்துவிட்டேன். எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதல் மூன்று நாள் வெயில். சொன்னபடி ஒல்லிப் பலகையையே எடுத்துச் சீர்செய்த சரிவில் பழகினேன். நான்காம் நாள் மாலை காற்று திரும்பியது. தங்கியிருந்த வீட்டு அம்மா காங்கிரி என்கிற கணப்புச் சட்டியில் கரி போட்டுக் கொடுத்து, “நாளைக்கு நிறைய” என்று கையால் இடுப்பைத் தொட்டுக் காட்டினார். காலையில் தொடைவரை இருந்தது.

164 எடுத்தேன். நடுவை அழுத்திப் பார்த்தபோது என் கைக்கு வளைந்தது. பிரேக்கைச் சோதித்தேன். பைண்டிங் எண்ணை என் கண் முன்னால் வைக்கச் சொன்னதும் கடைக்காரர் உற்றுப் பார்த்தார், பிறகு பூட்ஸ் அடியின் நீளத்தை அளந்து பொறுமையாக வைத்துக் கொடுத்தார். இரண்டாம் கட்டம் மூடியிருந்தது. காங்டோரியிலிருந்து வழிகாட்டியோடு மூவரும் இறங்கினோம்.

அக்கா சொன்ன அத்தனையும் வரிசையாக நடந்தது. தடத்தில் பலகைகள் இடித்தன, முழங்கால் உறுத்தியது. ஓரத்தில் நின்று கீழே பார்த்தபோது போன வருடத்து விழுகை உடம்பில் எழுந்து வந்து கால் நடுங்கியது. நேராக விட்டேன். பயத்தில் பின்னால் சாய்ந்துவிட்டேன், தொடை உடனே சொல்லியது. நடுவுக்கு வந்தேன். அப்போது பாதத்தின் அடியில் ஏதோ லேசாகத் தூக்கியது. கொடிவேரியில் சின்ன வயதில் அப்பா முதுகில் கை கொடுத்து நீச்சல் பழக்கிவிட்டு, ஒரு கணம் கையை எடுத்துக்கொள்வார். தண்ணீரே தாங்குகிறது என்று தெரிகிற கணம் ஒன்று வருமே, அதேதான். திரும்பினேன், திரும்பியது. இன்னொன்று. பனித்தூள் எழுந்து முகத்தில் பட்டது. வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருந்ததால் வாய்க்குள்ளும் போயிற்று.

அன்று ஆறு முறை இறங்கினோம். இரண்டு முறை விழுந்தேன். தொடை எரிந்தது மாலை மூன்று மணிக்குத்தான், அதுவும் எல்லோருக்கும் எரிகிற எரிச்சல். இரண்டாவது விழுகையில் வலது பலகை கழன்று முழுவதும் மறைந்துவிட்டது. ஆரஞ்சு நிற நாடாவின் நுனி ஒரு சாண் அளவுக்கு மட்டும் மேலே தெரிந்தது. பிடித்து இழுத்தேன், ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பனியை மிதித்துக் கெட்டியாக்கி, பூட்ஸ் அடியில் ஒட்டியதைத் தட்டிவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டேன்.

ஏழாவது நாள் மரங்களுக்கு நடுவே போக வழிகாட்டி கூப்பிட்டார். தோழிகளில் ஒருத்தி களைத்திருந்ததால் வேண்டாம் என்றோம். வெள்ளியங்கிரி அண்ணா எழுதியது நினைவில் இருந்தது. வருத்தம் இல்லை, அடுத்த வருடம் போகலாம்.

நாடா விஷயத்தில் ஒரு திருத்தம் அக்கா. இரண்டு மீட்டர் போதவில்லை, தொடை ஆழப் பனிக்கு மூன்று வேண்டும். பின்னலாடைக்குப் போடுகிற அரை அங்குல நாடாதான் நான் கொண்டுபோனது. நனைந்தாலும் விறைக்கவில்லை. திருப்பூரில் சுருள் கணக்கில் கிடைக்கிறது. போகப் போகிறவர்கள் நிறத்தைச் சொன்னால் வாங்கி அனுப்புகிறேன், வெள்ளை மட்டும் கேட்காதீர்கள்.